"சளிதான், சரியாயிடும்!" - கணியம்பாடியிலிருந்து ஜவ்வாது மலைக்கு, குழந்தைகளின் மூச்சு வழியே ஒரு பயணம்

வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் பேருந்தில் ஏறினால், வலது பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். பாகாயம் தாண்டியதும் வயல்களுக்குப் பின்னால் ஒரு நீல நிற மலை எழுந்து, கூடவே வரும். அதுதான் ஜவ்வாது மலை. கொஞ்ச நேரத்தில் நடத்துநர் விசில் அடிப்பார். இறங்கினால் கணியம்பாடி.

டீக்கடை, மருந்துக்கடை, கல்லூரிப் பேருந்துக்குக் காத்திருக்கும் மாணவர்கள், காட்பாடி - விழுப்புரம் பாதையில் ஒரு சின்ன ரயில் நிலையம். முதல் பார்வைக்கு சாலையோரத்து ஊர்கள் பலவற்றில் இதுவும் ஒன்று. மேற்கே திரும்பினால் அமிர்தி காடு, அங்கே ஒரு சிறு வன உயிரியல் பூங்கா. மலையில் பிறந்து வரும் நாகநதி இந்த வட்டார நிலத்தடி நீருக்கு ஆதாரம். 100 நாள் வேலைத் திட்டப் பெண்கள் மீள்நிரப்புக் கிணறுகள் வெட்டி, வறண்டு கிடந்த அந்த நதிக்கு உயிர் கொடுத்த கதை நாடு முழுக்கப் பேசப்பட்டது.

கணியம்பாடிக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அது இந்த ஊர்க்காரர்களுக்கே அவ்வளவாகத் தெரியாது. உலக மருத்துவ இதழ்களைப் புரட்டினால் 'கணியம்பாடி வட்டாரம்' என்ற பெயர் திரும்பத் திரும்ப வரும். காரணம், இங்கே மக்களின் ஆரோக்கியத்தை வீடு வீடாகப் போய் எண்ணுகிறார்கள்.

எண்ணப்படும் குழந்தைகள்

1900-ல் ஐடா ஸ்கடர் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனைதான் இன்றைய சி.எம்.சி. நோயாளி வரும்வரை காத்திராமல், மருந்துப் பெட்டியோடு கிராமத்துச் சாலையோர மரத்தடிக்கே போய் வைத்தியம் பார்த்தவர் அவர். அந்த வழக்கத்தின் தொடர்ச்சியாக, சி.எம்.சி-யின் சமுதாய மருத்துவத் துறை பாகாயத்தில் இருந்தபடி கணியம்பாடி வட்டாரத்தைப் பல பத்தாண்டுகளாகக் கவனித்து வருகிறது. ஒரு லட்சத்துக்கும் அதிகமான மக்கள் வாழும் வட்டாரம் இது.

முறை எளிமையானது. ஒவ்வொரு கிராமத்திலும் அதே ஊரைச் சேர்ந்த ஒரு பெண், சுகாதாரப் பணியாளர். யார் கர்ப்பமாக இருக்கிறார், யார் வீட்டில் குழந்தை பிறந்தது, யார் இறந்தார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவருக்கு மேலே ஒரு சுகாதார உதவியாளர், பிறகு செவிலியர், பிறகு மருத்துவர். ஊருக்கே வந்து போகும் மருத்துவ வண்டி. பிறப்பு, இறப்பு, கர்ப்பம் எல்லாம் பதிவேட்டில் ஏறிவிடும்.

எண்ணுவதால் என்ன பயன்? வேலூரே அதற்குச் சாட்சி. சி.எம்.சி-யில் பணியாற்றிய ககன்தீப் காங் குழுவினர் இங்குள்ள குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து பின்தொடர்ந்து, வயிற்றுப்போக்கை ஆண்டுக்கணக்கில் பதிவு செய்தார்கள். ரோட்டா வைரஸ் எத்தனை குழந்தைகளைத் தாக்குகிறது என்பது அதில் தெரிந்தது. இந்தியாவிலேயே உருவான 'ரோட்டாவாக்' தடுப்பு மருந்தின் பெரிய சோதனை நடந்த 3 இடங்களில் வேலூரும் ஒன்று. 2016 முதல் அந்த மருந்து அரசின் தடுப்பூசித் திட்டத்தில் இருக்கிறது. சொட்டு மருந்தாக அது இன்று குழந்தைகளின் வாயில் விழுவதற்குப் பின்னால், யாரோ வீடு வீடாகப் போய் எழுதிய கணக்கும் இருக்கிறது.

சரி, வயிற்றுப்போக்கை எண்ணியாயிற்று. மூச்சு இரைக்கும் குழந்தைகளை யார் எண்ணுகிறார்கள்? குறிப்பாக, ஜன்னல் வழியே தெரிந்த அந்த மலையில்? அதைப் பார்க்க மறுபடி பேருந்து ஏற வேண்டும்.

மலை ஏறும் சாலை

கண்ணமங்கலம், சந்தவாசல், போளூர். போளூரில் பேருந்து மாறி அத்திமூர் வழியாகப் போனால் சாலை மலை ஏறத் தொடங்கும். ஒவ்வொரு வளைவிலும் காற்று குளிர்ந்துகொண்டே வரும். முன்னிருக்கையில் இருப்பவர்கள் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருப்பார்கள். உச்சியில் ஜமுனாமரத்தூர். ஜவ்வாது மலை தாலுகாவின் தலைநகர். கோடை விழா நேரத்தில் சுற்றுலாப் பயணிகளால் நிரம்பி வழியும் ஊர். பீமன் அருவி, படகுத் துறை, பலாப்பழம், தேன், புளி, சாமை அரிசி... வாங்கிக்கொண்டு இறங்கிவிடுபவர்கள்தான் அதிகம்.

மலையின் உள்ளே போனால் மலையாளி பழங்குடி மக்களின் ஊர்கள். பெயரைப் பார்த்துக் கேரளம் என்று நினைக்க வேண்டாம். 'மலையை ஆள்பவர்கள்' என்று தங்கள் பெயருக்குப் பொருள் சொல்லும் இவர்களின் தாய்மொழி தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்த முன்னோரைப் பற்றிய கதைகள் இவர்களிடம் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழகத்தின் மிகப் பெரிய பழங்குடி இவர்கள்தான். எண்ணிக்கை மூன்றரை லட்சத்துக்கும் மேல். ஏலகிரி, ஏற்காடு, கொல்லிமலை, கல்வராயன் மலை, பச்சைமலை என்று பல மலைகளில் வாழ்கிறார்கள்.

ஜவ்வாது மலையைத் திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய 3 மாவட்டங்கள் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. மலை ஒன்றுதான். ஆனால், ஒரு குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் எந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பது, வீடு மலையின் எந்தச் சரிவில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

பெயர் மாறும் நோய்

நான்கு வயதுக் குழந்தை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலம் முடிந்து பனி இறங்கும் மார்கழி. பகலில் நன்றாகத்தான் விளையாடுகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு இருமல் தொடங்குகிறது. நெஞ்சில் 'கொய்ங்' என்று ஒரு சத்தம். விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே இழுக்கிறது. விடிந்ததும் கொஞ்சம் குறைகிறது. அடுத்த மாதம் மறுபடி.

இதற்கு டவுனில் 'வீசிங்' என்று பெயர். கீழே கிராமங்களில் 'இளைப்பு', 'இழுப்பு', 'மூச்சு வாங்குது'. பெரும்பாலான வீடுகளில் இதற்குச் சொல்லப்படும் பெயர் வெறும் 'சளி'. "நெஞ்சுச் சளிதான், சரியாயிடும்" என்று தூதுவளை ரசமோ, ஆடாதொடைக் கஷாயமோ வைத்துக் கொடுப்பார்கள். போன வழியில் ஒரு மருந்துக்கடை இருந்தால் இருமல் டானிக். கொஞ்சம் தீவிரமானால் ஆன்டிபயாட்டிக். குழந்தை தேறிவிடும். தேறியது மருந்தாலா, தானாகவா என்று யாருக்கும் தெரியாது. 'ஆஸ்துமா' என்ற சொல் அந்த வீட்டுக்குள் நுழைவதே இல்லை.

பெயர் இல்லாத நோய் கணக்கில் எப்படி வரும்?

தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பையே எடுத்துக்கொள்வோம். பெரியவர்களிடம் 'உங்களுக்கு ஆஸ்துமா உண்டா' என்று கேட்கிறார்கள். 5 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையைப் பற்றித் தாயிடம் கேட்பது வேறு: கடந்த 2 வாரங்களில் இருமலும் வேகமான மூச்சும் இருந்ததா? நிமோனியாவைப் பிடிக்க இது நல்ல கேள்வி. ஆனால், மாதம் ஒரு ராத்திரி இழுத்துவிட்டு மறுநாள் ஓடியாடும் குழந்தையை இந்த வலை பிடிக்காது.

உலக விஞ்ஞானிகளும் இதே சிக்கலில் மாட்டினார்கள். 1990-களில், குழந்தைகளின் ஆஸ்துமாவை எல்லா நாடுகளிலும் ஒரே மாதிரி அளக்க 'ஐசாக்' என்ற பன்னாட்டு ஆய்வு தொடங்கியது. 'கடந்த 12 மாதங்களில் நெஞ்சில் விசில் சத்தம் வந்ததா' என்பதுதான் அடிப்படைக் கேள்வி. விசில் சத்தத்துக்கு ஒவ்வொரு மொழியிலும் ஒவ்வொரு சொல். சில மொழிகளில் சொல்லே இல்லை. கடைசியில், மூச்சு இழுக்கும் பிள்ளைகளை வீடியோவில் காட்டி, 'இப்படி உனக்கு வந்திருக்கிறதா' என்று கேட்கும் முறையையும் சேர்த்தார்கள்.

அந்தக் கேள்விகளை வைத்து சென்னையிலும் அருகிலுள்ள கிராமங்களிலும் காசநோய் ஆராய்ச்சி மையத்தினர் நடத்திய ஆய்வு 2002-ல் வெளியானது. 6 முதல் 12 வயதுவரை உள்ளவர்களில், எப்போதாவது மூச்சுத்திணறல் வந்ததாகச் சொன்னவர்கள் நகரத்தில் 22 சதவிகிதம், கிராமத்தில் 9 சதவிகிதம். நகரத்துக் காற்று மோசம், கிராமத்துக் காற்று நல்லது என்று முடித்துவிடலாமா?

ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். அங்கே பழங்குடி மக்களில் 2018-19 கணக்கெடுப்பில் 16 சதவிகிதம் பேர் ஆஸ்துமா இருப்பதாகச் சொன்னார்கள். மற்றவர்களைவிட இது அதிகம். ஆனால், அதே பழங்குடியினரிலும் நகரங்களை ஒட்டி வாழ்பவர்களில் 17 சதவிகிதம். தொலைதூரப் பகுதிகளில் சுமார் 9 சதவிகிதம்தான். ஊர் தள்ளிப் போகப் போக எண் சிறியதாகிறது. நோயே குறைவா, அல்லது 'இது ஆஸ்துமா' என்று சொல்ல ஒரு டாக்டர் இல்லையா? இரண்டும் கலந்தே இருக்க முடியும். ஜவ்வாது மலையின் கேள்வியும் இதுதான்.

பரணும் புகையும்

நோய் உண்மையிலேயே குறைவாக இருக்கவும் காரணம் உண்டு. அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு விவசாயச் சமூகங்கள். இரண்டுக்கும் பூர்வீகம் ஐரோப்பா, உணவும் வாழ்க்கையும் ஏறக்குறைய ஒன்று. ஆமிஷ் குழந்தைகள் வீட்டை ஒட்டிய மாட்டுத் தொழுவத்தில் விளையாடி வளர்கிறார்கள். ஹட்டரைட் பண்ணைகள் பெரியவை, இயந்திரமயமானவை, வீட்டிலிருந்து தள்ளி இருப்பவை. 2016-ல் வெளியான ஆய்வில் ஆமிஷ் குழந்தைகளில் ஆஸ்துமா 5.2 சதவிகிதம், ஹட்டரைட் குழந்தைகளில் 21.3 சதவிகிதம். சின்ன வயதிலேயே மாட்டுக் கொட்டகையின் கிருமிகளோடு பழகியது ஆமிஷ் குழந்தைகளின் நோய் எதிர்ப்பைப் பக்குவப்படுத்துகிறது என்பது விஞ்ஞானிகளின் விளக்கம். மாடும் ஆடும் கோழியும் சூழ வளரும் மலைக் குழந்தைக்கும் இந்தக் கவசம் இருக்கலாம்.

ஆனால், வீட்டுக்குள் அடுப்பு எரிகிறது.

மலையாளி மக்களின் பழைய வீடு மூங்கில் தட்டி, மண் பூச்சு, புல் கூரை. அடுப்புக்கு மேலே பரண். சாமையும் ராகியும் விதைத் தானியமும் அங்கே இருக்கும். புகை போக வழியில்லையே என்று வெளியாள் நினைக்கலாம். ஆனால், புகை அங்கே வேலை செய்கிறது. தானியத்தை உலர்த்துகிறது, வண்டையும் பூச்சியையும் விரட்டுகிறது, கூரைப் புல்லைச் செல்லரிக்காமல் காக்கிறது. குளிர் ராத்திரியில் அந்த அடுப்புச் சூடுதான் போர்வை. குழந்தை படுக்கும் இடமும் அதனருகேதான். அறியாமையால் அல்ல, தேவையால் வந்த ஏற்பாடு.

விலை கொடுப்பது நுரையீரல். விறகுப் புகையில் இருக்கும் நுண்துகள்கள், தலைமுடியின் பருமனில் 20, 30-ல் ஒரு பங்குகூட இல்லாதவை. மூக்கு வடிகட்டாது, நேராக ஆழத்துக்குப் போகும். 24 மணி நேரச் சராசரியில் ஒரு கன மீட்டர் காற்றில் இவை 15 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். விறகடுப்பு எரியும் சமையலறையில் இது நூற்றுக்கணக்கில் போகும். ஏற்கெனவே இளைப்பு உள்ள குழந்தைக்கு மூச்சுக்குழாயின் உட்சுவர் வீங்கியே இருக்கிறது. புகை பட்டதும் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, உள்ளே சளி சுரக்கிறது. சின்னக் குழாய் இன்னும் சின்னதாகிறது. அந்த இடுக்கு வழியே காற்று வெளியேறும் சத்தம்தான் 'கொய்ங்'.

சிலிண்டர் கொடுத்தால் தீர்ந்துவிடாதா? 2016-ல் தொடங்கிய உஜ்வலா திட்டம் ஏழை வீடுகளுக்கு இணைப்பு கொடுத்தது. இன்று தமிழ்நாட்டில் 10-ல் 8 வீடுகளுக்கு மேல் எரிவாயு போன்ற சுத்தமான எரிபொருளில் சமைக்கின்றன. ஆனால் மலையில் இணைப்பு வாங்குவது ஒரு நாள் வேலை. மறுசிலிண்டரைக் கொண்டுவந்து சேர்ப்பது ஒவ்வொரு முறையும் வேலை. காட்டில் விறகு இலவசம். கூலி வரும் மாதம் கேஸ், வராத மாதம் விறகு.

இதில் இன்னொரு உண்மையையும் சொல்ல வேண்டும். சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர், இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய 4 நாடுகளில் நடந்த ஒரு பெரிய ஆய்வில் பங்கேற்றார்கள். தமிழ்நாட்டில் விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்கள். நாடுகள் எல்லாம் சேர்த்து சுமார் 3,200 கர்ப்பிணிகள். அவர்களில் பாதிப் பேருக்கு இலவசமாக கேஸ் அடுப்பும் எரிவாயுவும். அவர்கள் சுவாசித்த நுண்துகள் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆனால், குழந்தைகளின் பிறப்பு எடையோ, முதல் வயதுக்குள் வரும் கடும் நிமோனியாவோ எதிர்பார்த்தபடி மாறவில்லை. 2022-லும் 2024-லும் வந்த அந்த முடிவுகள் ஆய்வாளர்களையே யோசிக்க வைத்தன. அந்த ஆய்வு அளந்தது ஆஸ்துமாவை அல்ல. இருந்தாலும் ஒன்று புரிகிறது: அடுப்பை மாற்றினால் மட்டும் குழந்தையின் நெஞ்சு சரியாகிவிடும் என்று யாரும் நிம்மதியாக உட்கார முடியாது. நோயைக் கண்டுபிடிக்கவும் வேண்டும், மருந்தும் கிடைக்க வேண்டும்.

பம்ப்பைக் கண்டு பயம்

ஆஸ்துமாவுக்கு நல்ல மருந்து இருக்கிறது. அதுதான் இந்த விஷயத்தில் ஆறுதலும் ஆதங்கமும்.

மூச்சுக்குழாயைத் திறக்கும் சால்பியூட்டமால், உள்வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு வகை தடுப்பு மருந்து ஆகிய இரண்டும் உறிஞ்சும் மருந்தாகவே உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளன. ஆனால் 'பம்ப்' என்றாலே வீடுகளில் ஒரு பயம். "பழகிப் போயிடும்", "பொம்பளப் புள்ளைக்கு பம்ப் வெச்சா நாளைக்குக் கல்யாணம் எப்படி", "அது கடைசி ஸ்டேஜுக்கு வைக்கறது". டவுனிலும் இதே பேச்சுதான், மலையிலும் இதே பேச்சுதான். அதனால் டானிக்கே போதும் என்று நின்றுவிடுகிறார்கள்.

கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. சால்பியூட்டமால் சிரப்பில் ஒரு டீஸ்பூனுக்கு, அதாவது 5 மில்லிக்கு, 2 மில்லிகிராம் மருந்து. அது வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றி நுரையீரலுக்கு வர அரை மணி நேரம் ஆகலாம். கை நடுக்கமும் படபடப்பும் வருவது அதனால்தான். பம்ப்பில் ஒரு அழுத்துக்கு 100 மைக்ரோகிராம். சிரப்பில் இருப்பதில் 20-ல் ஒரு பங்கு! நேராக நுரையீரலுக்குப் போய் சில நிமிடங்களில் வேலை செய்கிறது. பயப்பட வேண்டியது எதைப் பார்த்து?

சின்னக் குழந்தையால் பம்ப்பைச் சரியாக உறிஞ்ச முடியாது. அதற்கு 'ஸ்பேசர்' என்ற பிளாஸ்டிக் குடுவை வேண்டும். ஸ்பேசர் கிடைக்காத இடத்தில்? தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் குழந்தை மருத்துவர் ஹெதர் ஸார் குழுவினர் அரை லிட்டர் குளிர்பான பாட்டிலின் அடியில் பம்ப்பின் வாய் பொருந்தும் அளவுக்கு ஓட்டை போட்டு, அதையே ஸ்பேசராகப் பயன்படுத்திப் பார்த்தார்கள். விலை கொடுத்து வாங்கும் ஸ்பேசருக்கு இணையாக அது வேலை செய்தது என்று 1999-ல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். ஜமுனாமரத்தூர் படகுத் துறையில் சுற்றுலாப் பயணிகள் தூக்கிப் போடும் பாட்டில்களைப் பார்க்கும்போது இது ஞாபகம் வராமல் போகாது. ஆனால் அந்த ஓட்டையை எந்த அளவில் போடுவது, பாட்டிலை எப்படிக் கழுவுவது, எத்தனை முறை அழுத்துவது என்பதை ஒரு செவிலியர் பக்கத்தில் உட்கார்ந்து காட்டித் தர வேண்டும்.

ராத்திரியில் மலை இறங்குவது

காட்டித் தர ஆள் இல்லாத ஊரில், ராத்திரி இரண்டு மணி இழுப்பு ஒரு சாலைப் பிரச்னையாக மாறிவிடுகிறது.

இதே மலைத்தொடரின் வேலூர் மாவட்டப் பக்கம், அணைக்கட்டு வட்டாரத்தில் அல்லேரி மலை இருக்கிறது. 2023 மே மாதம் அங்கே ஒன்றரை வயதுக் குழந்தை பாம்பு கடித்து இறந்தது. சாலை இல்லாததால் ஆம்புலன்ஸ் பாதி வழியோடு நின்றுவிட, குழந்தையின் உடலைக் கையில் ஏந்தி மலைப்பாதையில் நடந்தார் தாய். அந்தச் செய்தி தமிழ்நாட்டையே உலுக்கியது. அது பாம்புக்கடி. ஆனால் நேரத்தோடு ஓட வேண்டிய எந்த நோய்க்கும் பாதை ஒன்றுதான். 108 என்ற எண் போனில் இருக்கிறது. வண்டி வந்து நிற்கும் இடம் வரை குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது அம்மாவின் கால்கள்தான்.

உலகத்தின் ஆஸ்துமா நோயாளிகளில் சுமார் 13 சதவிகிதம் பேர் இந்தியாவில் இருக்கிறார்கள். ஆஸ்துமா மரணங்களிலோ 40 சதவிகிதத்துக்கும் மேல் இங்கேதான் நடக்கின்றன. நோய் இங்கே கொடியது என்று அர்த்தமில்லை. தாமதமாகத் தெரிகிறது, மருந்து தொடர்ந்து போய்ச் சேர்வதில்லை என்று அர்த்தம்.

சுத்தமான வானத்தின் கீழே

ஜமுனாமரத்தூரிலிருந்து ஆலங்காயம் இறங்கும் சாலையில் காவலூர். மரங்களுக்கு நடுவே வெள்ளைக் குவிமாடங்கள். இந்திய வானியலின் முக்கியமான இடம் இது. வைணு பாப்பு 1960-களில் இடம் தேடி, ஊர் வெளிச்சமும் தூசியும் எட்டாத வானம் வேண்டும் என்று ஜவ்வாது மலையைத் தேர்ந்தெடுத்தார். 1977-ல் யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் இருப்பது தெரியவந்தபோது அதைப் பதிவு செய்த தொலைநோக்கிகளில் காவலூரின் தொலைநோக்கியும் ஒன்று. 1986-ல் இங்கே திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

கோடிக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு கோளின் மெல்லிய வளையம் இந்த மலையிலிருந்து தெரிந்தது. அதே மலையில் ஒரு வீட்டுக்குள் குழந்தையின் நெஞ்சில் கேட்கும் சத்தத்துக்கு இன்னும் பெயர் வைக்கப்படவில்லை.

தோல் பட்டறைச் சாலை

ஆலங்காயத்திலிருந்து வாணியம்பாடி. அங்கிருந்து பெங்களூரு - சென்னை நெடுஞ்சாலையில் ஆம்பூர். பிரியாணி வாசனைக்கு முன்னால் தோல் வாசனை வரும் ஊர்கள். மலையிலிருந்து இறங்கி வந்தவர்களுக்கு வித்தியாசம் மூக்கிலேயே தெரியும். பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகளின் கழிவு பற்றிய வழக்கில், 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் 'மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும்' என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் உறுதியாக நிலைநிறுத்தியது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக இருக்கும் தீர்ப்பு அது.

அந்த வழக்கு ஏன் ஜெயித்தது? எத்தனை தொழிற்சாலை, எவ்வளவு கழிவு, எத்தனை கிணறு, எவ்வளவு நிலம் பாழ் என்று கணக்கு இருந்தது. மக்கள் வாடை அடித்ததும் கேள்வி கேட்டார்கள். கெட்டுப்போன தண்ணீரைக் கையில் காட்ட முடிந்தது. மலை வீட்டுப் புகையைப் பற்றிக் கேள்வி கேட்க யாரும் இல்லை. அது தொழிற்சாலைப் புகை அல்ல. அம்மா சோறு வடிக்கும் புகை.

மறுபடியும் கணியம்பாடி

வேலூர் வந்து, பாகாயம் தாண்டி, புறப்பட்ட இடத்துக்கே வந்தால், மலை மறுபடி நீலமாக நிற்கிறது. போகும்போது அழகாகத் தெரிந்தது. திரும்பும்போது, அந்த நீலத்துக்குள் எத்தனை வீடு, எத்தனை அடுப்பு என்று மனம் கணக்குப் போடும்.

வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கணியம்பாடியில் பழகிய வழிதான்: அதே ஊர்ப் பெண் ஒருவர், ஒரு பதிவேடு, ஒரு சரியான கேள்வி. 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வருகின்றன. அவர்கள் பார்க்க வேண்டிய 30 குறைபாடுகளின் பட்டியலில் மூச்சுக்குழாய் சுருங்கும் நோயும் இருக்கிறது. அந்தக் கட்டத்தை டிக் செய்வதற்கு முன், "ராத்திரியில் இருமுதா? நெஞ்சில் சத்தம் வருதா? இது எத்தனாவது தடவை?" என்று அம்மாவிடம் அவர் சொல்லும் சொல்லிலேயே கேட்டால் போதும். மலையின் கணக்கு அங்கிருந்து தொடங்கும்.

வீட்டில் சின்னக் குழந்தை உள்ள எல்லோரும், மலையோ டவுனோ, சிலவற்றை நினைவில் வைத்துக்கொள்ளலாம். சளி இல்லாமலும் இருமல் திரும்பத் திரும்ப வந்தால், ராத்திரியிலும் விடியற்காலையிலும் அதிகமானால், ஓடினால் இரைத்தால், குடும்பத்தில் ஆஸ்துமாவோ அலர்ஜியோ இருந்தால், 'சளிதான்' என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் 'இது வீசிங்கா' என்று நேராகவே கேளுங்கள். குழந்தை அமைதியாக இருக்கும்போது போனில் டைமர் வைத்து, வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். 2 மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, 5 வயதுக்குள் 40. இந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ அன்றைக்கே காட்ட வேண்டும். விலா உள்ளே இழுத்தால், பேச முடியாமல் திணறினால், பால் குடிக்காவிட்டால், உதடு நீலமானால், குழந்தை துவண்டுபோனால் உடனே 108. டாக்டர் தடுப்பு மருந்து கொடுத்திருந்தால், குழந்தை நன்றாக இருக்கிறதே என்று பாதியில் நிறுத்த வேண்டாம். அடுப்பு விறகாகத்தான் இருக்கிறது என்றால், சமைக்கும் நேரத்திலாவது குழந்தை வேறு இடத்தில் இருக்கட்டும். கொசுவத்திச் சுருளும் பீடி, சிகரெட் புகையும் அதே கணக்குதான்.

திருவண்ணாமலைப் பேருந்து வந்து நிற்கிறது. ஏறுகிறவர்களில் மலைக்குத் திரும்புபவர்களும் இருப்பார்கள். போளூரில் மாறி, அத்திமூர் வழியாக, இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும். அவர்களில் ஓர் அம்மாவின் பையில் பிஸ்கட் பாக்கெட்டோடு ஒரு பம்ப்பும், அதை எப்படி வைப்பது என்று காட்டிக் கொடுத்த ஒரு செவிலியரின் போன் நம்பரும் இருந்தால், அந்த வீட்டில் மார்கழி ராத்திரி இரண்டு மணிக்கு எல்லோரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.